மணி அடிக்க யாருக்கு அதிகாரம்?

பள்ளிக்கூடத்து மணி என்பது நம் ஊர்களில் ஒரு சிறிய ராஜாங்கச் சின்னம். வேப்பமரத்துக் கிளையில் தொங்கும் தண்டவாளத் துண்டாக இருந்தாலும் சரி, விசையை அழுத்தினால் அலறுகிற மின்சார மணியாக இருந்தாலும் சரி, அதை நினைத்தவர்கள் நினைத்த நேரத்தில் தொட்டுவிட முடியாது. அடிக்கிற இரும்புக் கம்பி தலைமையாசிரியர் அறையின் மூலையில் சாத்தி வைத்திருக்கும். அதை எடுக்கும் உரிமை பியூனுக்கு. எடுக்கச் சொல்லும் உரிமை தலைமையாசிரியருக்கு. விளையாட்டாக அதைத் தட்டிப் பார்த்த பையன் அந்தக் காலத்தில் பிரம்படி வாங்காமல் தப்பியதில்லை.

அன்றாட அலுவல்களுக்கு இந்த ஏற்பாடு மிகவும் சரியானதே. ஆளுக்கு ஆள் மணி அடித்தால் பள்ளிக்கூடம் சந்தைக்கடையாகிவிடும். ஆனால், சமையற்கூடத்தில் தீப்பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? மின்சாரப் பெட்டியிலிருந்து புகை கிளம்பினால், சுவர் விரிசல் விட்டுச் சரியத் தொடங்கினால் என்ன செய்வது? அதை முதலில் பார்க்கிறவர் தலைமையாசிரியராக இருக்கப் போவதில்லை. அடுப்படியில் நிற்கும் சமையல்கார அம்மாள் பார்ப்பார். பெருக்குகிற ஆயா பார்ப்பார். தண்ணீர் குடிக்கப் போன மூன்றாம் வகுப்புப் பையன் பார்ப்பான். அவர்கள் கையில் மணி உண்டா? அவர்கள் குரல் கொடுத்தால் மாடியில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியர் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்திருப்பாரா?

இது வீண் கற்பனை அல்ல. மணி அடிக்க அனுமதி கேட்கப் போய் நேர்ந்த விபரீதம் சரித்திரத்தில் இருக்கிறது.

சிகாகோவில் நடந்தது

1958-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி. அமெரிக்காவில் சிகாகோ நகரத்து 'அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ்' என்ற கத்தோலிக்கப் பள்ளிக்கூடம். பள்ளி விடுவதற்குச் சிறிது நேரமே இருந்த பிற்பகல். கட்டடத்தின் ஒரு கோடியில், மாடிப்படிக்கு அடியில், குப்பைத் தொட்டியில் பற்றிய தீ எவர் கண்ணிலும் படாமல் வளர்ந்துகொண்டிருந்தது. வெளியே போய்த் திரும்பிய குழந்தைகள், புகை நாற்றம் அடிப்பதாகச் சொன்னார்கள். ஓர் ஆசிரியை நடைக்கு வந்து பார்த்தார், உண்மைதான். பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் ஓடிச் சொன்னார்.

அந்தப் பள்ளியில் ஒரு விதி இருந்தது. அபாய மணியை ஒலிக்கச் செய்யும் உத்தரவு தலைமைப் பொறுப்பிலிருந்த கன்னிகாஸ்திரீயிடமிருந்துதான் வரவேண்டும். ஆகவே ஓர் ஆசிரியை அவரைத் தேடிக்கொண்டு விரைந்தார். அவர் தம் அறையில் இல்லை. அன்றைக்கு வராத ஓர் ஆசிரியைக்குப் பதிலாக, கட்டடத்தின் வேறொரு பகுதியில் அவரே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். தேடிப் போனவர் வெறுங்கையோடு திரும்பினார். கடைசியில் இரு ஆசிரியைகளும் துணிந்து தங்கள் வகுப்புக் குழந்தைகளை வெளியே அழைத்துச் சென்று பத்திரமாகச் சேர்த்தார்கள். அதன் பிறகு ஒருவர் மறுபடி உள்ளே வந்து விசையை இழுக்க, மணி ஒலித்தது. அதுவும் பள்ளிக்குள் மட்டுமே ஒலித்தது. தீயணைப்பு நிலையத்துக்கும் அந்த மணிக்கும் தொடர்பு கிடையாது. அது ஒலித்த வேளையில், வடபுறத்து மாடி வகுப்புகளுக்கு வெளியே நடை முழுவதும் கரும்புகை நிறைந்துவிட்டது. கதவைத் திறந்தால் சாவு; திறக்காவிட்டால் ஜன்னல் ஒன்றுதான் வழி. 92 குழந்தைகளும் 3 கன்னிகாஸ்திரீகளும் மாண்டார்கள்.

அந்த இரண்டு ஆசிரியைகளைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. விதியை மதித்துத்தான் முதலில் அனுமதி கேட்கப் போனார்கள். விதியைத் தள்ளிவைத்தபோதுதான் தங்கள் வகுப்பைக் காப்பாற்ற முடிந்தது. குற்றம் விதியில் இருக்கிறது. ஒரே ஒருவர் வாயிலிருந்து உத்தரவு வந்தால்தான் மணி ஒலிக்கும் என்று எழுதி வைத்தவர்கள், அந்த ஒருவர் இருக்கவேண்டிய இடத்தில் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று எழுதி வைக்கவில்லை. இந்த விபத்துக்குப் பிறகு சிகாகோவில் பள்ளிகளின் அபாய மணியைத் தீயணைப்பு இலாகாவுடன் இணைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதே குறை, நெருப்புக்குப் பதில் நீரின் வடிவத்தில் வேறொரு தேசத்தில் தலைகாட்டியது. 2011-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி ஜப்பானில் பெரும் பூகம்பம். வடகிழக்குக் கரையில் இஷினோமாக்கி நகரைச் சேர்ந்த ஒகாவா தொடக்கப் பள்ளியில் ஆசிரியர்கள் குழந்தைகளை மைதானத்தில் கூட்டி நிறுத்தினார்கள். அதுவரை எல்லாம் ஒழுங்குதான். பூகம்பம் நின்றதிலிருந்து ஆழிப்பேரலை வந்து சேருவதற்குள் ஏறத்தாழ 50 நிமிஷம் இருந்தது. பள்ளிக்குப் பின்னாலேயே ஒரு குன்று. அதன்மேல் ஓடிவிடலாம் என்று பிள்ளைகளே சிலர் சொன்னதாகத் தப்பியவர்கள் பிற்பாடு தெரிவித்தார்கள். ஆனால் அன்று தலைமையாசிரியர் ஊரில் இல்லை. குன்றில் மரம் விழுமோ, சரியுமோ, எங்கே போவது என்று பெரியவர்கள் ஆலோசித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஆற்றுப் பாலத்தருகே உள்ள மேட்டை நோக்கிப் புறப்பட்டபோது வெள்ளம் எதிரே வந்துவிட்டது. 108 குழந்தைகள் படித்த அந்தப் பள்ளியில் 74 பேர் போய்விட்டார்கள். அங்கிருந்த ஆசிரியர்கள், சிப்பந்திகளில் 10 பேர் மாண்டார்கள். ஓர் ஆசிரியர்தாம் தப்பினார்.

பெற்றோர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2018-ல் செண்டாய் உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை நம் கல்வி அதிகாரிகள் ஒரு முறை படித்துப் பார்க்கலாம். அன்றைக்கு மைதானத்தில் தடுமாறியவர்களோடு அந்தத் தீர்ப்பு நின்றுவிடவில்லை. விபத்துக்கு நெடுநாள் முன்பே திட்டத்தைச் சரியாக எழுதாமல் விட்டார்களே, அதைப் பெரிய தவறாக எடுத்துக்கொண்டது. பள்ளியின் பாதுகாப்பு ஏட்டில், 'அருகிலுள்ள காலி இடம் அல்லது பூங்கா'வுக்குப் போகவேண்டும் என்ற பாவனையில் பொதுப்படையாக எழுதியிருந்ததே தவிர, எந்த இடம் என்று பெயர் குறிப்பிடவில்லை. 2019-ல் ஜப்பானின் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை நிலைநிறுத்தியது. தலைவர் இல்லாத நேரத்தில் யார் பேசவேண்டும், என்ன பேசவேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகாத இடத்தில், விவேகமுள்ள பத்துப் பெரியவர்கள் கூடி நின்றும் ஒரு சொல் பிறக்கவில்லை.

நம் கும்பகோணம்

இவையெல்லாம் அந்நிய நாட்டுச் சமாசாரம் என்று ஒதுக்கிவிட நமக்கு அருகதை இல்லை. 2004-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் சமையற்கூடத்தில் கிளம்பிய தீ, பள்ளியின் கீற்றுக் கூரைக்குத் தாவி, மாடியில் இருந்த 94 பிஞ்சுகளைக் கொண்டுபோயிற்று. நெருக்கடியான கட்டடம், குறுகலான மாடிப்படி, கீற்றுக் கூரை, கண்ணை மூடிக்கொண்டு கொடுத்த அங்கீகாரம் ஆகிய பாவங்கள் விசாரணையில் வெளிவந்தன. அவற்றைப் பற்றி நாடு நிறையப் பேசியது. கீற்றுக் கூரைகள் பிரிக்கப்பட்டன.

ஆசிரியர்கள் குழந்தைகளை விட்டுவிட்டு வெளியேறினார்கள் என்ற கண்டனமும் அப்போது பலமாக எழுந்தது. அந்த விவகாரத்தை நீதிமன்றம் விசாரித்து முடித்துவிட்டது. நாம் மறுபடி கிளற விரும்பவில்லை. ஆனால் அந்தக் கண்டனத்தில் ஒரு சௌகரியம் இருந்தது. ஆசிரியர்களைத் திட்டித் தீர்த்தவர்கள், அவர்களுக்கு எவரேனும் எப்போதேனும் சொல்லிக் கொடுத்ததுண்டா என்று கேட்க மறந்தார்கள். தீ என்று தெரிந்ததும் எந்த வகுப்பு முதலில் இறங்குவது, யார் படியில் நிற்பது, கீழே சமையல் செய்கிறவர் மேலே இருப்பவருக்கு எப்படிச் சேதி அனுப்புவது என்ற பாடம் நம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளில் அதுவரை எத்தனை நாள் நடந்திருக்கும்?

கும்பகோணத்தைத் தொடர்ந்து வந்த பொதுநல வழக்கில், 2009-ம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நாட்டிலுள்ள பள்ளிகளுக்கெல்லாம் உத்தரவிட்டது. தீயணைக்கும் கருவிகள் வைக்கவேண்டும் என்பதோடு, ஆசிரியர்களுக்கும் மற்றச் சிப்பந்திகளுக்கும் அவற்றைப் பயன்படுத்தப் பயிற்சி கொடுக்கவேண்டும் என்றும் அதில் சொல்லியிருக்கிறது. கருவிகள் வந்தன. சிவப்பு உருளைகள் சுவரில் அழகாகத் தொங்குகின்றன. பயிற்சியின் நிலைமை என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், உங்கள் ஊர்ப் பள்ளியின் சமையலரிடம் அந்த உருளையைக் காட்டி, இதை எப்படித் திறப்பது என்று கேட்டுப் பாருங்கள்.

சில பள்ளிகளில் ஒத்திகை நடப்பதையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 14-ந் தேதி தொடங்கும் தீத்தொண்டு வாரத்தில் தீயணைப்பு நிலையத்தார் வந்து எண்ணெயைக் கொளுத்தி அணைத்துக் காட்டுகிறார்கள், குழந்தைகள் கைதட்டுகிறார்கள். நல்லதுதான். ஆனால் முன்கூட்டியே தேதி குறித்து, வரவேற்புரை கூறி, பொன்னாடை போர்த்தி நடக்கும் ஒத்திகையில் ஒன்று மட்டும் ஒத்திகையாவதில்லை. எதிர்பாராத நேரத்தில் எதிர்பாராத ஒருவர் "தீ" என்று கத்தினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதே அது.

ஆட்டம் நடுவில் நிற்கலாமா?

பள்ளிக்கூடத்தை விட்டுப் பொது இடங்களுக்கு வருவோம். அங்கே சிக்கல் இன்னும் ஒரு பங்கு அதிகம். பள்ளியில் தலைமையாசிரியரின் உத்தரவுக்குக் காத்திருப்பார்கள் என்றால், சினிமாக் கொட்டகையிலும் கல்யாண மண்டபத்திலும் முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். படத்தை நடுவில் நிறுத்தினால் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களே என்று மானேஜருக்குப் பயம். மானேஜர் திட்டுவாரே என்று டிக்கெட் கிழிப்பவருக்குப் பயம்.

1997-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி டெல்லியில் உப்ஹார் தியேட்டரில் 'பார்டர்' படம் ஓடிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்தில் மின்மாற்றி தீப்பற்றி, அங்கே நிறுத்தியிருந்த கார்களுக்கும் பரவி, புகை மேலே ஏறியது. அரங்கில் இருந்தவர்களுக்கு, கீழே தீப்பிடித்திருக்கிறது, வெளியேறுங்கள் என்று ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. பால்கனிக் கதவைக் காக்கவேண்டிய சிப்பந்தி அதைத் திறந்துவிடாமலே போய்விட்டார். 59 பேர் மாண்டார்கள். தீக்காயத்தால் அல்ல, மூச்சுத் திணறி. இந்த வழக்கு வருஷக்கணக்கில் நீதிமன்றங்களில் நடந்தது. நாற்காலிகளைக் கூடுதலாகப் போட்டு வழியை அடைத்தது முதலான குற்றங்கள் ருசுவாயின. அவற்றோடு, சொல்லவேண்டியதைச் சொல்லாத குற்றமும் தீர்ப்பில் ஏறியது.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியையும் பார்க்கவேண்டும். 1977-ம் ஆண்டு மே 28-ந் தேதி இரவு. அமெரிக்காவில் கென்டக்கி ராஜ்யத்தில் 'பெவர்லி ஹில்ஸ்' என்ற பெரிய விருந்துக் கேளிக்கை மாளிகை. ஒரு கோடியிலுள்ள அறையில் தீ. மறு கோடியிலுள்ள பெரிய அரங்கில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் உட்கார்ந்து ஹாஸ்யக் கச்சேரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டடத்தில் அபாய மணி இல்லை. மேஜைகளிலிருந்து எச்சில் தட்டு எடுக்கும் 18 வயதுப் பையன் ஒருவனுக்கு விஷயம் தெரிந்தது. அரங்கை உடனே காலி செய்யச் சொல்லவேண்டும் என்று மேல்உத்தியோகஸ்தரிடம் சொன்னான். காரியம் நடக்கவில்லை. அந்தப் பையன் நேரே மேடையில் ஏறி, நடிகர்களின் மைக்கைப் பிடித்து, கட்டடத்தில் தீப்பிடித்திருக்கிறது என்று சொல்லி, வெளியேறும் வழிகள் எங்கெங்கே என்று கை நீட்டிக் காட்டினான். இதுவும் ஹாஸ்யத்தின் ஒரு பகுதி போலும் என்று நினைத்துச் சிலர் உட்கார்ந்தே இருந்தார்கள். மற்றவர்கள் எழுந்தார்கள். அவன் பேசிச் சில நிமிஷங்களில் புகையும் தீயும் அரங்குக்குள் பாய்ந்தன. அந்த இரவு 165 பேர் மாண்டார்கள். அவன் பேசாதிருந்தால் இன்னும் எத்தனை நூறு பேர் போயிருப்பார்களோ.

அந்த மாளிகையின் சிப்பந்திகளில் அவன் கடைசிப் படியில் இருந்தவன். மைக்கைத் தொடும் அதிகாரம் அவனுக்கு எவரும் கொடுக்கவில்லை. இந்தக் கட்டுரையின் தலைப்பில் கேட்ட கேள்விக்கு அந்தப் பையன் மேடையில் நின்று பதில் சொன்னான் என்பதே நம் அபிப்பிராயம்.

நம் கல்யாண மண்டபங்களில் அப்படி ஒருவர் இருக்கிறார், அவரை நாம் கவனிப்பதில்லை. மைக் செட்டுக்காரர்தான் அவர். நாதஸ்வரத்தையும் பந்தியழைப்பையும் மண்டபம் முழுக்கக் கேட்கச் செய்கிறவர் அவர். அபாயம் என்று வந்தால் முதலில் எட்டவேண்டிய கை அவருடையது. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபம் ஒன்றில் தீப்பிடித்து, மணமகன் உள்பட 50-க்கு மேற்பட்டவர்கள் மாண்ட துயரம் நம் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. அப்படியிருந்தும், முகூர்த்தத்துக்கு முன் வாசல்கள் எந்தப் பக்கம் என்று ஒரு தடவை சொல்லச் சொன்னால், அபசகுனம் என்று முகம் சுளிப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். ஆகாய விமானத்தில் ஏறுகிறவர்கள் எல்லோரும் அந்த அபசகுனத்தைக் கேட்டுவிட்டுத்தான் பறக்கிறார்கள்.

பீதி என்னும் பூச்சாண்டி

"எல்லாம் சரி, உண்மையைச் சொன்னால் ஜனங்கள் பீதியடைந்து, முண்டியடித்து, மிதிபட்டுச் சாவார்களே" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், கூட்ட நெரிசலில் உயிர் போவதை நம் நாடு அடிக்கடி பார்க்கிறது. ஆனால் அவசர காலங்களில் ஜனங்கள் நடந்துகொள்ளும் விதத்தை ஆராய்ந்தவர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள். மணி ஒலித்ததும் பெரும்பாலோர் ஓடுவதில்லை. என்ன சேதி என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறார்கள், செய்துகொண்டிருந்த காரியத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறார்கள், நிற்கிறார்கள். பீதி பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது, வாசல் நெருக்கமாகி, நேரம் தீர்ந்த பிறகு.

இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்துச் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் கிலேன் புரூ, ஜொனாதன் சைம் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 1991-ல் வெளியிட்டார்கள். வெறும் மணி ஒலித்தபோது பயணிகளில் பலர் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. என்ன நடந்திருக்கிறது, எந்த வழியாகப் போகவேண்டும் என்று ஒலிபெருக்கியில் தெளிவாகச் சொன்னபோது சீக்கிரமாகவும் ஒழுங்காகவும் வெளியேறினார்கள். பீதியைத் தடுக்க ஜனங்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்ற கேள்வியையே தங்கள் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தார்கள்.

அவர்கள் அப்படிக் கேட்டதற்குச் சில வருஷங்களுக்கு முன்புதான், 1987 நவம்பர் 18-ல், லண்டன் கிங்ஸ் கிராஸ் சுரங்க நிலையத்தில் மர நகரும்படியில் தீப்பிடித்து 31 பேர் மாண்டிருந்தார்கள். அங்கே ஒலிபெருக்கி இருந்தது. அதை எவரும் பயன்படுத்தவில்லை. விசாரணையில் இன்னொரு விசித்திரமும் தெரியவந்தது. அந்த ரயில்வே நிர்வாகத்தின் வழக்கில் 'தீ' என்ற சொல்லையே தவிர்த்து, 'புகைச்சல்' என்ற பொருள்படும் சொல்லைப் புழங்கி வந்திருக்கிறார்கள். பெயரை மாற்றினால் அபாயமும் சிறுத்துவிடும் என்ற எண்ணம். நம் அலுவலகங்களிலும் இந்த வியாதி உண்டு. 'சிறு தொழில்நுட்பக் கோளாறு' என்று அறிவித்துவிட்டு, வாசலைப் பூட்டிக்கொண்டு ஆளாளுக்கு விழிப்பார்கள்.

சிப்பந்திகளுக்குள் மட்டும் தெரிகிற சங்கேதச் சொற்களும் சில தேசங்களில் இருக்கின்றன. பிரிட்டிஷ் ரயில் நிலையங்களில் 'இன்ஸ்பெக்டர் ஸாண்ட்ஸ்' என்பவரைக் கட்டுப்பாட்டு அறைக்கு வரச்சொல்லி ஒலிபெருக்கி அழைத்தால், அப்படி ஓர் இன்ஸ்பெக்டர் கிடையாது. எங்கோ அபாய மணி கிளம்பியிருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று சிப்பந்திகளுக்குச் சொல்லும் சேதி அது. முதல் ஓரிரு நிமிஷத்தில், விஷயம் மெய்யா பொய்யா என்று பார்த்துவர இது உதவும். ஆனால் சங்கேதம் அங்கேயே நின்றுவிடக் கூடாது. மெய் என்று தெரிந்த கணமே சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற சாதாரணப் பேச்சுக்கு வந்துவிட வேண்டும். பள்ளிக்கூடத்திலோ, சங்கேதமே வேண்டாம் என்பது நம் கட்சி. தற்காலிகமாக வந்த ஆசிரியர், நேற்றுச் சேர்ந்த ஆயா, பேருந்து ஓட்டுநர் ஆகியோருக்கு யார் அதைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

நல்லவாட்டில் உடைந்த பூட்டு

இந்த விஷயத்தில் நமக்கு வழிகாட்ட வெளிநாட்டார்தான் வரவேண்டும் என்பதில்லை. 2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை வந்த காலையில், புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவக் கிராமத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு டெலிபோன் செய்தார். கடல் நீர் உள்ளே வருவதாக வீட்டார் சொன்னதும், எல்லோரையும் எச்சரித்து ஊரைவிட்டு ஓடுங்கள் என்றார். அந்தக் கிராமத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அறிவு மையம் இருந்தது. மீனவர்களுக்குக் கடல் நிலவரத்தை ஒலிபெருக்கியில் சொல்லுவதற்காக ஏற்பட்டது அது. காலை நேரத்தில் மையம் பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று விசாரித்துக்கொண்டு ஜனங்கள் நிற்கவில்லை. கதவை உடைத்தார்கள், ஒலிபெருக்கியைப் போட்டார்கள், ஊர் முழுவதற்கும் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வாழ்ந்த அந்தக் கிராமத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

உத்தரவு கொடுக்க அங்கே அதிகாரி எவரும் இல்லை. கருவி இருந்தது, அது எதற்கு என்று ஊருக்குத் தெரிந்திருந்தது, உடைத்ததற்காக நாளைக்கு எவனும் கேட்க மாட்டான் என்ற தைரியம் இருந்தது. இந்த மூன்றில் மூன்றாவது நம் பள்ளிக்கூடங்களில் இல்லை. தவறாக மணி அடித்துவிட்டால் விளக்கம் கேட்டு மெமோ வரும் என்பது ஆயா முதல் உதவி ஆசிரியர் வரை எல்லோருக்கும் தெரியும். ஆகவே அவர்கள் முதலில் மேலே கேட்கப் போகிறார்கள். கேட்கப் போகிற அந்த இரண்டு நிமிஷம்தான் சிகாகோவில் போன நிமிஷங்கள்.

கல்வி இலாகா செய்யவேண்டிய முதல் காரியத்துக்குப் பணம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். அபாயத்தைக் கண்டவர் எவராயினும், சமையலரோ, துப்புரவுப் பணியாளரோ, மாணவரோ, மணி அடிக்கலாம். நல்லெண்ணத்தோடு அடித்துப் பின்னர் அபாயம் இல்லை என்று தெரிந்தாலும் அவர்மேல் நடவடிக்கை கிடையாது என்று அதில் எழுதட்டும். குறும்புக்காரப் பையன்கள் இதைத் துஷ்பிரயோகம் செய்வார்கள் என்று சொல்வார்கள். செய்யட்டுமே. வருஷத்துக்கு இரண்டு தடவை குறும்பு மணி ஒலித்து, பள்ளி முழுவதும் மைதானத்துக்கு வந்து திரும்பினால், அதைவிட நல்ல ஒத்திகை வேறென்ன கிடைக்கும்?

மணியின் ஓசையும் தனியாக இருக்கவேண்டும். இடைவேளைக்கும் தீக்கும் ஒரே ஓசை என்றால் குழந்தைகள் தட்டை எடுத்துக்கொண்டு சமையற்கூடத்துப் பக்கமே ஓடுவார்கள்! விடாமல் அடித்துக்கொண்டே இருப்பது வெளியேறுவதற்கு என்று முதல் வகுப்பிலிருந்தே பழக்கலாம். மின்சார மணி மட்டும் உள்ள பள்ளிகள் பழைய தண்டவாளத் துண்டை எடைக்குப் போட்டுவிடாமல் திரும்பக் கட்டித் தொங்கவிடுவது புத்திசாலித்தனம். தீப்பிடித்த கட்டடத்தில் மின்சாரம் முதலில் போய்விடும். ஒலிபெருக்கியும் அதோடு போகும். ஒரு விசிலும் மின்கலத்தில் இயங்கும் கைக்குழல் ஒலிபெருக்கியும் மாடிக்கு ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது.

இந்தக் காலத்தில் ஒவ்வொரு பள்ளியிலும் ஆசிரியர்களுக்கு வாட்ஸப் குழு இருக்கிறது. அதில் போட்டுவிட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று நம்பியிருப்பவர்கள் இருக்கிறார்கள். வகுப்பில் பாடம் நடத்தும்போது போனை அணைத்துப் பைக்குள் வைப்பவர்தான் நல்ல ஆசிரியர். அவரை அந்தச் சேதி எப்போது எட்டும்? சமையலர் அந்தக் குழுவில் இருக்கிறாரா? உள்ளுக்குள் எச்சரிக்க மணியும் குரலும். வெளியே தெரிவிக்க போன். 101 அல்லது 112-ஐ அழைப்பது இன்னார் வேலை, அவர் இல்லாவிட்டால் இன்னார் வேலை என்று பெயரோடு எழுதி ஒட்டவேண்டும். எல்லோருக்கும் பொதுவான வேலை எவரும் செய்யாத வேலையாகிவிடும். பெற்றோருக்குச் சேதி சொல்வதும் ஒருவர் பொறுப்பில் இருக்கவேண்டும். 2024 பிப்ரவரியில் சென்னையில் பல தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்த அன்று, பதறிய பெற்றோர் பள்ளி வாசல்களில் கூடினார்கள். மிரட்டல் பொய்யாய்ப் போயிற்று. மெய்யாக இருந்து, தீயணைப்பு வண்டி உள்ளே நுழைய வேண்டியிருந்தால், அந்த வாசல் நெருக்கம் என்னவாகியிருக்கும்?

வெளியே வந்த பிறகு குழந்தைகளை எண்ணுவது கடைசிக் காரியம், ஆனால் அதுவும் சேதி சொல்லும் காரியமே. எந்த வகுப்பில் எத்தனை பேர் வந்தார்கள் என்று ஆசிரியர் யாரிடம் சொல்லவேண்டும்? அந்தக் கணக்கு இல்லாமல் தீயணைப்பு வீரர் எதைத் தேடி உள்ளே போவார்? வருகைப் பதிவேட்டை எடுக்க மறுபடி மாடிக்கு ஓடுகிற ஆசிரியரைக் காட்டிலும், இன்றைக்கு வந்தவர் 38 என்று காலையிலேயே கரும்பலகையிலும் தம் கைநோட்டிலும் எழுதிவைத்திருக்கும் ஆசிரியர் மேல்.

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் பெற்றோர்களே பெரும்பான்மை. கட்டடத்துக்கு வெள்ளையடிப்பது, கழிப்பறைக்குத் தண்ணீர் விடுவது என்று அந்தக் குழுவின் முன் எத்தனையோ விஷயங்கள் வருகின்றன. அடுத்த கூட்டத்தில் பெற்றோர் ஒருவர் எழுந்து, மணி அடிக்கும் கம்பி இப்போது எங்கே இருக்கிறது, தலைமையாசிரியர் அலுவலாக வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போயிருக்கும் நாளில் அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்கட்டும். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைக்கச் சொல்லட்டும். அந்தக் கூட்டத்துக்குச் சமையல்கார அம்மாளையும் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்ள வேண்டும்.